பக்கம் புரட்டும் வித்வான்

நவம்பர் 18, திங்கள்

பெர்னிஸ் தன் அக்காவின் பிரசவத்துக்காக பெங்களூருக்கு ரயிலேறிவிட்டாள். பெர்னிஸ் என்பவள் என் மனைவி ஹெப்சிபாவிடம் பியானோ கற்கும் பெண். அவள் அக்காவுக்குக் குழந்தை பிறப்பதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று காலையில் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். மாலையில் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் பதினான்காம் தேதி ஹெப்சி மேடையேறுகிறாள். அவள் வேலை பார்க்கும் இசைப்பள்ளியில் நிகழ்ச்சி. பியானோ பிறந்ததிலிருந்து இன்றுவரை அது எப்படி வளர்ந்தது என்பதை ஒரே மாலையில் வாசித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, இசைக்குறிப்பு எழுதிய நோட்ஸ் புத்தகத்தின் பக்கத்தைச் சரியான சமயத்தில் புரட்ட வேண்டியவள் பெர்னிஸ். இப்போது அந்த நாற்காலி காலி. ஹெப்சி என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

நான், சிதம்பரம் குஞ்சிதபாதம், மிருதங்க வித்வான், பக்கம் புரட்டுவதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். கண்டிப்பாகவே சொன்னேன்.

நவம்பர் 19, செவ்வாய்

ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 20, புதன்

ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதை எழுதி வைக்கிறேன். பிற்காலத்தில் யாராவது கேட்டால் மனைவிக்குப் பயந்து என்று சொல்லிவிடுவார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு ஹெப்சி நன்றாகக் கச்சேரி செய்துகொண்டிருந்தவள். பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்து பெயர் வாங்கியவள். ஒரு நாள் மோசார்ட்டின் நடுவில் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அடுத்த சுரம் வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிப்பாள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள், அவ்வளவுதான். மேடை என்றால் தலைவலி என்பாள்.

இப்போது பள்ளியின் முதல்வர் மிஸஸ் தயாளன் விடாமல் கேட்டு அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பேன் என்று ஹெப்சி நிபந்தனை போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை நான் மறுத்தபோது அவள் கோபப்படவில்லை. மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இது ஒண்ணுதாங்க. இதுவும் நின்னு போச்சுன்னா இனிமே ஜனங்க முன்னாடி வாசிக்க மாட்டேன். பிள்ளைங்களுக்கு மட்டும் போதும்."

அவள் அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

தவிர, டிசம்பரில் எனக்கு நேரமும் இருக்கிறது. அவளுக்காகவே ஒழித்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

நவம்பர் 22, வெள்ளி

முதல் பயிற்சி. பக்கம் புரட்டுவதற்கு இத்தனை சட்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வாசிப்பவளுக்கு இடது பக்கம் உட்கார வேண்டும். நேரம் வந்ததும் சத்தமில்லாமல் எழ வேண்டும். இடது கையால் பக்கத்தின் மேல் நுனியைப் பிடிக்க வேண்டும். கையால் எழுத்தை மறைக்கக் கூடாது. அவள் தலையை அசைத்ததும் புரட்ட வேண்டும், முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. தொடையில் தாளம் போடக் கூடாது. "பலே" சொல்லக் கூடாது. ஜவ்வாது கூடாது. மோதிரம் விளக்கில் மின்னும், கூடாது. சரிகை வேட்டி கூடாது. கறுப்புச் சட்டை.

மொத்தத்தில் நான் இருக்க வேண்டும், ஆனால் இருக்கக் கூடாது. அதைவிடக் கொடுமை, பியானோவை மேடையில் பக்கவாட்டில் வைப்பார்களாம். நான் அவளுக்கு அந்தப் பக்கம். சபைக்கு என் தலைமுடி கொஞ்சம் தெரியலாம். இப்படி வைக்கிற வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் லிஸ்ட் என்ற வித்வானாம். தன் முகத்தின் பக்கவாட்டு அழகு ரசிகர்களுக்குத் தெரிய வேண்டும் என்று பெட்டியைத் திருப்பினாராம். அந்த மனிதரின் மூக்குக்காக என் முகம் மறைகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

ஹெப்சி கோயிலுக்குப் போய் வந்ததும் பாக் என்ற வித்வானை ஆரம்பித்தோம். நிகழ்ச்சியில் அவர்தான் முதல். ஆனால் அவர் எழுதியதெல்லாம் பியானோவுக்கே இல்லையாம். அந்தக் காலத்துப் பெட்டியில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு முள் தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம். பிறகு இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்ற ஓர் ஆள், அரச குடும்பத்து வாத்தியங்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில் இருந்தவர், முள்ளை எடுத்துவிட்டுச் சின்னச் சுத்தியலை வைத்தார். மெல்ல அடித்தால் மெல்ல, ஓங்கினால் ஓங்கி. பியானோ பிறந்தது. சுத்தியல் தலையில் என்ன சுற்றியிருந்தார் என்று கேட்டேன். தோல் என்றாள்.

தோல்! அடித்து வாசிப்பது, தோலால் அடிப்பது. அப்படியானால் பியானோ எங்கள் பக்கத்து வாத்தியம். இத்தனை வருஷமாக வீட்டில் ஓர் உறவினர் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. இதை ஹெப்சியிடம் விரிவாக விளக்கினேன். அவள் பக்கத்தைப் புரட்டச் சொன்னாள்.

நவம்பர் 25, திங்கள்

பாடகர் நித்தியகல்யாணம் பேசினார். பதினோரு வருஷமாக அவருக்கு நான்தான் வாசிக்கிறேன். இந்த சீசனுக்கு ஓர் இளைஞனை வைத்துப் பார்க்கிறாராம். நல்ல யோசனை என்று நானே சொன்னேன். இளைஞர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

நவம்பர் 27, புதன்

மழை. போனில் சிக்னல் சரியில்லை போலிருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை.

மழை ஈரத்தில் பியானோவின் கட்டை ஒன்று இறங்கினால் ஏற மறுக்கிறது. ஹெப்சி பெட்டிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டுச் சூடு காட்டினாள். என் மிருதங்கமும் ஈரத்தில் சுருதி இறங்கிக் கிடக்கிறது. அதற்கும் ஒரு பல்பு கேட்டேன். எதற்கு, நாளைக்குக் கச்சேரியா என்று கேட்டாள். பிறகு அவளே போய் டேபிள் லாம்ப்பைக் கொண்டுவந்து மிருதங்கத்தின் பக்கத்தில் வைத்தாள்.

நவம்பர் 29, வெள்ளி

இன்று மோசார்ட். அவள் நின்றுபோனது இவரிடம்தான். இவர் காலத்துப் பியானோ இப்போதையதைப் போல் இல்லை, மரச்சட்டம், மெல்லிய தந்தி, கைக்கு அடங்கிய கட்டைகள், இலேசான சத்தம். அதனால் ஒவ்வொரு சுரமும் துலக்கமாக விழ வேண்டும், ஒளிந்துகொள்ள இடமே கிடையாது என்றாள். சொல்லும்போது முகம் வெளுத்திருந்தது.

நமக்கெல்லாம் மேடையில் புத்தகமே கிடையாதே, பார்த்து வாசிக்கிறதெல்லாம் ஒரு வாசிப்பா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் வாசிப்பதை நிறுத்தினாள். ஒரு காலத்தில் பியானோக்காரர்கள் எல்லாரும் பார்த்துத்தான் வாசித்தார்களாம். பார்க்காமல் வாசிப்பது திமிர். கிளாரா என்று ஒரு சின்னப் பெண் பார்க்காமல் வாசித்ததற்கு ஒரு சீமாட்டி அவளை அகம்பாவக்காரி என்றாராம். பிறகு அந்தப் பெண்ணும் அந்த லிஸ்ட்டும் ஊர் ஊராகப் பார்க்காமலே வாசித்துப் பேர் வாங்க, அதுவே சட்டமாகிவிட்டது. "அவங்க ரெண்டு பேரும் செஞ்சதுக்கு நான் அனுபவிக்கிறேன்" என்றாள் ஹெப்சி.

மறுபடியும் லிஸ்ட். எங்கள் குடும்பத்தில் இருவருக்குமே அந்த ஆள் கெடுதல் செய்திருக்கிறார்.

நவம்பர் 30, சனி

ஹெப்சி மோசார்ட்டில் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பார்வையைப் பக்கத்தில் ஆணி அடித்தாற்போல் நிறுத்துகிறாள். நான் பக்கத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் புரட்ட மறந்தேன். திட்டு வாங்கினேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பீத்தோவன். இவரை எனக்குப் பிடித்திருக்கிறது. இவர் வாசித்தால் தந்தி அறுந்து விழுமாம். இன்னும் சத்தம் வேண்டும், இன்னும் கட்டை வேண்டும் என்று பியானோ செய்பவர்களைப் படுத்தியெடுத்தாராம். பெட்டி பெரிதாயிற்று, தந்தி தடித்தது, பின்னால் வந்தவர்கள் இழுவை தாங்க இரும்புச் சட்டமே போட்டார்கள். பிறகு பாவம், அவருக்கே காது கேட்காமல் போனது.

இவருக்குத் தாளக்கட்டு இருக்கிறது. எதிர்பாராத இடத்தில் ஓங்கி ஓர் அடி. நானாக இருந்தாலும் அங்கேதான் அடித்திருப்பேன். இன்று இரண்டு இடத்தில் ஹெப்சி தலையை அசைக்கும் முன்பே எழுந்து சரியாகப் புரட்டினேன். காதுக்கே தெரிந்துவிடுகிறது. அவள் மெச்சுவாள் என்று பார்த்தேன். "தலையசைச்ச பிறகு மட்டும்" என்றாள்.

ஞானம் உள்ளவனுக்கு மரியாதை இல்லை.

டிசம்பர் 6, வெள்ளி

கீழ் வீட்டு ருக்மாங்கதன் படியில் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷமாக எல்லா சபாவிலும் முன்வரிசையில் தொடையைத் தட்டித் தாளம் போடுகிறவர். இந்த டிசம்பரில் உங்கள் கச்சேரி எங்கெங்கே என்று கேட்டார். பதினான்காம் தேதி இருக்கிறது என்றேன். எந்தப் பாடகர் என்றார். பியானோ என்றேன். பியானோவுக்கு மிருதங்கமா, புதுமையாக இருக்கிறதே என்று டைரியில் குறித்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. பால் பொங்கிவிடும் என்று மேலே வந்துவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஷோப்பன். காலால் மிதிக்கும் பெடலை இவர் காலத்தில்தான் உயிராகப் பயன்படுத்தினார்களாம். மிதித்தால் அடித்த சுரம் அடங்காமல் நிற்கிறது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. வீடே பியானோவுக்குள் இருப்பதுபோல் இருந்தது. சுத்தியலில் இப்போது தோலுக்குப் பதில் கம்பளி. துரோகம்தான், ஆனால் நன்றாக இருக்கிறது.

தாளம்தான் ஓடுகிறது, நிற்கிறது, திரும்பிப் பார்க்கிறது. இது என்ன ஒழுங்கு என்று கேட்டேன். இடது கை காலப்பிரமாணத்தை விடாமல் பிடிக்க வேண்டும், வலது கை அதன் மேல் தன்னிஷ்டத்துக்கு உலாவலாம் என்று ஷோப்பன் சொல்லிக் கொடுத்தாராம். சரிதான், வலது கை பாடகர், இடது கை நான். பாடகர் எங்கே போனாலும் வீட்டுக்குத் திரும்பி வரும்போது கதவைத் திறந்து வைத்திருப்பவன். இதைச் சொன்னதும் ஹெப்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த வரியை மறுபடி வாசித்தாள். முன்பைவிட நன்றாக இருந்தது. நான் இதைத் தற்பெருமைக்காக எழுதவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கடைசியில் டெபூசி. இவர் பியானோவுக்குச் சுத்தியலே இல்லை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாராம். இத்தனை பேர் இருநூறு வருஷமாக அந்தச் சுத்தியலுக்குப் பாடுபட்டிருக்கிறார்கள், இவர் கடைசியில் வந்து அது இல்லை என்கிறார்.

ஹெப்சி சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

ஹெப்சி இன்றும் சாப்பிடவில்லை. கறுப்புச் சட்டை தைத்து வந்தது. போட்டுக்காட்டினேன். சிரித்தாள். இட்லி இரண்டு சாப்பிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் போட்டிருந்தேன்.

டிசம்பர் 14, சனி

மதியம். மோதிரம் கழற்றியாயிற்று. ஜவ்வாது பூசவில்லை. அவள் கை ஜில்லென்று இருக்கிறது. என் கையும்தான், ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அரங்கம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ருக்மாங்கதன், சிநேகிதர்களோடு. நான் மிருதங்கம் இல்லாமல் கறுப்புச் சட்டையில் வந்து உட்கார்ந்ததும் அவர் எட்டி எட்டிப் பார்த்தார். நல்லவேளை, ஹெப்சிக்குப் பின்னால் மறைந்துவிட்டேன். லிஸ்ட்டுக்கு முதல் முறையாக நன்றி சொன்னேன்.

பாக் சுத்தமாகப் போனது. பிறகு மோசார்ட். அந்த இடம் நெருங்கியது. ஹெப்சி பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடந்துவிட்டாள். அப்போது அவள் விட்ட மூச்சு எனக்கு மட்டும் கேட்டது. ஆனந்தம் தாங்கவில்லை. அந்த ஆனந்தம்தான் என்னைக் கெடுத்தது.

பீத்தோவனில் தாளச் சொற்கட்டு ஒன்று வருகிறது. வேகமாக, முரட்டுத்தனமாக. ஒரு முறை வந்தது. இரண்டாம் முறை வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. நாற்பது வருஷம் மிருதங்கம் வாசித்தவன் உடம்புக்கு ஒரு சொல் மூன்று முறை வந்தால் அதற்குப் பெயர் தீர்மானம். முடிந்தது, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் விழ வேண்டியதுதான். வீட்டில் எத்தனையோ முறை கேட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவன்தான். மேடை விளக்கும் சபையும் சேர்ந்ததும் உடம்பு பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. எழுந்தேன். சமத்தில் அடிப்பதுபோல் பக்கத்தைப் புரட்டினேன். அவள் தலையை அசைக்கவில்லை. பீத்தோவன் முடிக்கவும் இல்லை. அந்தப் பக்கத்தில் இன்னும் பாதி இருந்தது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் முன்னால் எழுத்து இல்லை, அதைப் பிடுங்கியவன் நான். திருப்பி வைக்கக் கையை நீட்டினேன். மழை ஈரத்தில் தாள் தாளோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஹெப்சி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கை நிற்கவில்லை. பக்கத்தில் இல்லாத அந்தப் பாதியை அவள் வாசித்தாள். ஒரு சுரம்கூடத் தவறவில்லை. பிறகு நான் புரட்டி வைத்திருந்த பக்கத்துக்கு வாசிப்பு வந்து சேர்ந்தது. நான் உட்கார்ந்தேன்.

கைதட்டல் நடக்கும்போது பீத்தோவனை எடுத்துவிட்டு அவசர அவசரமாக ஷோப்பனை வைத்தேன். ஷோப்பன் ஆரம்பித்தது. இனி தப்பு செய்யக் கூடாது என்று அவள் தலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அசைத்தாள், புரட்டினேன். மறுபடி அசைத்தாள், மறுபடி புரட்டினேன். எல்லாம் கச்சிதம். ருக்மாங்கதன் தாளத்தைத் தொலைத்துவிட்டுத் தொடையிலேயே தேடிக்கொண்டிருந்தார். அவரிடம், இடது கையைக் கேளுங்கள் என்று சொல்லத் தோன்றியது. ஹெப்சி வாசித்ததை நான் எழுதப் போவதில்லை, எழுத வராது. முடிந்ததும் கைதட்டல்.

நான் ஷோப்பனை எடுத்துவிட்டு டெபூசியை வைக்கப் போனேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் மிச்சம் இருந்த புத்தகத்தின் அட்டையில் ஷோப்பன் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பியானோவின் மேல் இருந்தது டெபூசி. ஷோப்பன் முழுவதற்கும் நான் டெபூசியைப் புரட்டியிருக்கிறேன்.

எனக்கு எழுத்து படிக்கத் தெரியும், நோட்ஸ் தெரியாது, அவள் தலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். ஹெப்சி கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, முன்னால் இருந்ததை முதல் பக்கத்துக்குத் திருப்பி வைக்கும்படி ஜாடை காட்டினாள். வைத்தேன். டெபூசியை வாசித்தாள். அதிலும் அவள் கண் பக்கத்துக்குப் போகவில்லை, இந்த முறை கவனித்தேன். தலை மட்டும் தவறாமல் அசைந்தது.

பிறகு மாலை, போட்டோ, மிஸஸ் தயாளனின் கண்ணீர். ஜனவரியில் இன்னொரு நிகழ்ச்சிக்கு ஹெப்சி அங்கேயே சரி என்று சொல்லிவிட்டாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த சரி! ருக்மாங்கதன் என்னிடம் வந்து, நீங்கள் எப்போது வாசிக்க ஆரம்பிப்பீர்கள் என்று கடைசிவரை காத்திருந்தோம் என்றார்.

இன்று காலை காபி குடிக்கும்போதுதான் கேட்டேன். தப்பான புத்தகம் என்று தெரிந்தும், புத்தகமே தேவைப்படாதபோதும், ஒவ்வொரு இடத்திலும் எதற்காக எனக்குத் தலையசைத்தாய்?

அவள் டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"அத்தனை பேர் முன்னாடி நீங்க சும்மா உக்காந்திருக்கிறதைப் பார்க்க எனக்கு மனசு வரலைங்க. வீட்டுலதான் தினமும் பார்த்துக்கிட்டு இருக்கேனே."

இந்த சீசனில் எனக்கு ஒரு கச்சேரியும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை, இந்த நோட்டில்கூட எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தது, அழுதேன். ஹெப்சி என் டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன காபியைச் சூடு பண்ண எடுத்துப் போனாள்.